பில்டர் கையிலிருந்து குடியிருப்போர் கைக்கு: அடுக்ககச் சங்க ஒப்படைப்பில் எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் மூன்றுமாவடிக்குப் போய் அழகர் எதிர்சேவை பார்த்துவிட்டு வீடு திரும்பிய இரவில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. நான்காம் தளத்தில் குடியிருக்கும் பாட்டி, வயது 78, வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "சார், உங்கள் சங்கத்தின் பெயரில் எங்களிடம் ஒப்பந்தமே இல்லை. பில்டர் பெயரில் இருந்தது. அதுவும் பிப்ரவரியோடு முடிந்துவிட்டது" என்றார்கள். அப்போது நாங்கள் சாவிக்கொத்தை வாங்கி, எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டு பத்து மாதம் ஆகியிருந்தது. இளைஞர்கள் இருவர் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு நான் சங்கச் செயலாளராக இருந்தேன். 40 வீடுகள், 38 விற்றவை, இரண்டு அப்போதும் பில்டரிடம். ஒவ்வொரு சிக்கலிலும் கடைசியில் நான் வந்து நின்றது ஒரே கேள்வியில்: இது யார் பெயரில் இருக்கிறது? லிஃப்ட், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு, நிலத்தின் கடைசிச் சதுர அடி என்று எதை எடுத்தாலும் அதுதான். நத்தம் சாலை, அழகர்கோவில் சாலை, ஐயர்பங்களா, ஆனையூர், ஒத்தக்கடை என ஊரைச் சுற்றிப் புதிதாக எழும் அடுக்ககங்களில் இருப்பவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பவற்றைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். இன்னும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதவர்கள், "எல்லாம் பெற்றுக்கொண்டோம்" என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

"எல்லா வீடும் விற்கட்டும், பிறகு சங்கம் அமைக்கலாம்" என்கிறார் பில்டர்

காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, பிரிவு 11(4)இல் இதைப் பில்டரின் கடமையாகவே வைத்திருக்கிறது. மாநிலச் சட்டம் வேறு கெடு சொல்லாதவரை, பாதிக்கு மேற்பட்ட வீடுகள் முன்பதிவான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய அவர் வழிசெய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே கூடுங்கள். சங்கம் அமைப்பதில் பங்குகொள்வது வீடு வாங்கியவரின் கடமை என்று அதே சட்டத்தின் பிரிவு 19(9) சொல்கிறது. துபாயில் இருக்கிறேன், சிங்கப்பூரில் இருக்கிறேன் என்று ஒதுங்குகிறவர்களுக்கு இந்த வரியைப் படமெடுத்து அனுப்புங்கள். எங்கள் அடுக்ககத்தில் அதற்குப் பிறகு ஆறு பேர் சம்மதக் கடிதம் அனுப்பினார்கள்.

பதிவு விஷயத்தில் ஒரு கவனம் தேவை. மதுரையில் பழைய சங்கங்கள் பலவும் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவானவை. இப்போது 1994ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டம், 2022 வந்து, 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. துணைவிதிகளை, அதாவது சங்கம் நடக்கும் விதிகளை, வேறொரு அடுக்ககத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டுவதற்கு முன், உங்கள் கட்டடம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டும் என்பதைப் பதிவுத்துறையில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். தவறான இடத்தில் பதிந்துவிட்டால் வங்கிக் கணக்கு, பான் அட்டை முதல் எல்லாவற்றையும் பிறகு மாற்ற வேண்டிவரும்.

சங்கம் இருக்கிறது, ஆனால் தலைவரும் பொருளாளரும் பில்டரின் ஆட்கள்

தொடக்கத்தில் பதிவுக்காக இப்படிச் செய்வதுண்டு. அது இரண்டாம் ஆண்டும் நீடித்தால் கோளாறுதான். துணைவிதிகளை வாங்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: பொதுக்குழுவை யார் கூட்டலாம், விற்காத வீடுகளுக்கு வாக்கு உண்டா, காசோலையில் யார் கையெழுத்து. விற்காத வீட்டுக்குப் பில்டர் வாக்குக் கேட்டால், அந்த வீட்டுக்கான மாதப் பராமரிப்பையும் அவர் கட்டியாக வேண்டும். உரிமையாளர் என்றால் இரண்டிலும் உரிமையாளர். எங்கள் பொதுக்குழுவில் இதைச் சொன்னதும், பில்டர் இரண்டு வாக்குகளையும் கைவிட்டார். பராமரிப்பு நிலுவை மட்டும் ஏழு மாதம் கழித்து வந்தது.

தேர்தல் நடத்தி முடித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். புதிய நிர்வாகிகளின் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, அதன் நகலோடு வங்கிக்குப் போய்க் கையெழுத்தை மாற்றுங்கள். தாக்கல் செய்யாத தேர்தலை வங்கி மதிப்பதில்லை.

கார்பஸ் பணம் கேட்டால் "கணக்குப் பார்க்கிறோம்" என்ற பதில்

வீடு வாங்கும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கிய தொகைதான் இது. பெயின்ட், லிஃப்ட் மாற்றம் போன்ற பெரிய செலவுகளுக்கான வைப்பு. எங்களிடம் சதுர அடிக்கு 50 ரூபாய் வாங்கினார்கள். 38 வீடுகளுக்கும் கூட்டினால் 21 லட்சத்துச் சொச்சம்.

பில்டரிடம் கணக்குக் கேட்பதற்கு முன் உங்கள் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மேசை போட்டு, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ரசீதைக் கொண்டுவரச் சொன்னோம். அன்றுதான் ஒன்று தெரிந்தது. 31 வீடுகளின் ரசீதில் "கார்பஸ்" என்று இருந்தது, ஏழு வீடுகளின் ரசீதில் அதே தொகை "இதர செலவுகள்" என்று இருந்தது. கடைசியாக வாங்கியவர்கள் அந்த ஏழு பேர். ரசீதில் சொல் மாறியதால், அந்தப் பணம் செலவாகிவிட்டது என்று பில்டர் தரப்பு வாதிட்டது. அந்த ஏழு வீடுகளின் கட்டுமான ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தோம். அட்டவணையில் "கார்பஸ்" என்றே அச்சாகியிருந்தது. ரசீதையும் ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்து நகலெடுத்து அனுப்பிய பிறகு அந்த வாதம் நின்றது. ஆகவே ரசீதை மட்டும் திரட்டாதீர்கள், ஒப்பந்த அட்டவணைப் பக்கத்தையும் சேர்த்துத் திரட்டுங்கள்.

அடுத்து அவர்கள் சொல்வது, "அதிலிருந்து ஓராண்டு பராமரிப்பு செய்தோம்" என்பது. சங்கம் பொறுப்பேற்கும்வரை அத்தியாவசிய சேவைகளைப் பராமரிப்பது பில்டரின் பொறுப்பு, அதற்கு நியாயமான கட்டணம் வாங்கலாம் என்பது பிரிவு 11(4). அந்தக் கட்டணத்தை மாதந்தோறும் தனியாகக் கட்டியிருந்தால், கார்பஸில் கை வைக்க இடமில்லை. கழிக்கிறேன் என்பவரிடம் ரசீதுகளோடு செலவுக் கணக்கைக் கேளுங்கள், ஓர் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பணம் சங்கக் கணக்குக்குக் காசோலையாகவோ வங்கி மாற்றமாகவோ வர வேண்டும். நிர்வாகி ஒருவரின் சொந்தக் கணக்கு வழியாக ஒரு ரூபாயும் வரக் கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி, நாளைக்கு அவரைத்தான் ஊர் கேட்கும்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு வேறுபாடு உண்டு. லாப நோக்கமற்ற சங்கம் உறுப்பினரிடம் மாதம் 7,500 ரூபாய்வரை வாங்கும் பராமரிப்புக்கு வரிவிலக்கு இருக்கிறது. பில்டரோ அவர் அமர்த்திய நிறுவனமோ வசூலித்தால் அந்த விலக்கு கிடையாது, 18 சதவீதம் சேரும். எங்கள் கட்டணம் 2,800. பெயர் மாறியதும் வீட்டுக்கு மாதம் 504 ரூபாய் குறைந்தது. கூட்டத்துக்கு வராதவர்களைக்கூட வரவழைத்த செய்தி அது.

சாவி வந்துவிட்டது, கோப்பில் நகல்கள்தான் இருக்கின்றன

கட்டட நிறைவுச் சான்று வாங்கிய 30 நாளுக்குள், பொதுப் பகுதிகள் உட்படத் தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் பில்டர் தர வேண்டும் என்பது பிரிவு 17(2). மாநிலச் சட்டம் வேறு கெடு சொல்லாத இடத்தில் இந்தக் கெடுதான். கேட்க வேண்டியவை: மூலப் பத்திரங்கள், நகர் ஊரமைப்புத் துறையும் மாநகராட்சியோ ஊராட்சியோ அளித்த திட்ட அனுமதியும் வரைபடமும், நிறைவுச் சான்று, கட்டமைப்பு வரைபடங்கள், தீயணைப்புத் துறைச் சான்று தேவைப்படும் உயரமென்றால் அது, லிஃப்ட் உரிமம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் ஆகியவற்றின் உத்தரவாத அட்டைகள். எல்லாவற்றையும்விட மக்கள் கேட்க மறப்பது, சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுக் குழாய் ஆகியவற்றின் கட்டி முடித்த நிலை வரைபடம். அது இல்லாமல் ஒரு குளியலறைக் கசிவைத் தேட நாங்கள் மூன்று இடத்தில் டைல்ஸை உடைத்தோம்.

தரவில்லை என்றால் முடங்கிவிட வேண்டாம். திட்டம் ரெராவில் பதிவாகியிருந்தால் அனுமதி வரைபடம் போன்றவற்றைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பக்கத்தில் தேடலாம். பத்திரங்களின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். அனுமதிக் கோப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இப்படிப் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் ஜெனரேட்டர் அறை இருந்தால் அப்போதுதான் தெரியும்.

நிலக் கணக்கு இடிக்கிறது

இதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை, எனக்கு இதில்தான் அதிகக் கவலை. தமிழ்நாட்டு வழக்கப்படி நிலத்தின் பிரிபடாத பங்கை, யு.டி.எஸ். என்கிறோமே அதை, ஒவ்வொரு வீட்டாருக்கும் பில்டர் பத்திரம் எழுதித் தருகிறார். எல்லாப் பங்கையும் கூட்டினால் மொத்த நிலம் வர வேண்டும். வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்து, ஒவ்வொரு பத்திரத்தின் பங்கையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். நிலம் 21,600 சதுர அடி. 38 பத்திரங்களின் கூட்டுத்தொகை 20,412. மீதம் 1,188. விற்காத இரண்டு வீடுகளின் அளவுக்கு உரிய பங்கு 1,010. அதுபோக 178 சதுர அடி எந்த வீட்டோடும் சேராமல் பில்டர் பெயரிலேயே நின்றது.

ஓர் அறை அளவு நிலம்தானே என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். அளவைப் பார்க்காதீர்கள். அந்த 178 சதுர அடி இருக்கும்வரை, எல்லா வீட்டையும் விற்ற பிறகும் அவர் நம் நிலத்தில் ஒரு பங்குதாரர். முப்பது ஆண்டு கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்ட முடிவெடுக்கும்போது அவரோ அவர் வாரிசோ வந்து நிற்கலாம். எளிய தீர்வு, கடைசி வீடுகள் விற்குமுன் கிடைக்கும்: மீதிப் பங்கு முழுவதையும் அந்த வீடுகளின் பத்திரத்திலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் வழக்கறிஞர் சொன்ன வழி இதுதான், அப்படியே நடந்தது. எல்லா வீடும் விற்ற பிறகு என்றால் தனிப் பத்திரம், முத்திரைத் தீர்வை, எல்லோரையும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது என்று வேலை பெருகும்.

மொட்டை மாடிக்குப் பூட்டு, கார் நிறுத்துமிடத்துக்குத் தனி விலை

மொட்டை மாடி, திறந்தவெளி கார் நிறுத்துமிடம், பூங்கா, விளையாட்டிடம் ஆகியவை ரெரா சட்டத்தின் பிரிவு 2இல் பொதுப் பகுதி என்றே சொல்லப்பட்டிருக்கின்றன. மேலே செல்போன் கோபுரமோ விளம்பரப் பலகையோ வைத்து வாடகை வாங்கினால் அது சங்கத்தின் வருமானம். தூண்களுக்கு இடையிலான தரைத்தள நிறுத்துமிடத்தைப் பில்டர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் மகாராஷ்டிரச் சட்டம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. இன்னொரு தளம் எழுப்புகிறேன் என்றால், மூன்றில் இரண்டு பங்கு வீட்டாரின் எழுத்துப்பூர்வ சம்மதம் முன்கூட்டியே தேவை என்று பிரிவு 14 சொல்கிறது. வீடு வாங்கிய அன்று கட்டுக்கட்டாகப் போட்ட கையெழுத்துகளில் பொதுவான சம்மதக் கடிதம் ஏதும் கலந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

தனி வீடுகளும் மனைகளும் உள்ள இடத்தில் நிலைமை வேறு. அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ போயிருக்கும். அவற்றைச் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லிப் பயனில்லை. தெருவிளக்குக்கும் சாலைக்கும் உள்ளாட்சியிடம்தான் கேட்க வேண்டும். தானமாகக் கொடுத்த சாலையின் வாயிலில் கேட் போட்டுப் பிறரைத் தடுக்கவும் முடியாது.

பொது மின்கட்டணம் எதிர்பாராத அளவுக்கு வருகிறது

முதலில் மின் அட்டையில் உள்ள கட்டண வகையைப் பாருங்கள். கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பே ஓடிக்கொண்டிருந்தால் விலை மிக அதிகம். அடுக்ககப் பொதுப் பயன்பாட்டுக்கு 2022 முதல் தனிக் கட்டண வகை இருக்கிறது. பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று தளத்துக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத சிறிய அடுக்ககங்களுக்கு 2023இல் கட்டணத்தைக் குறைத்தார்கள். இணைப்பைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றும் மனுவோடு வகை மாற்றத்தையும் சேர்த்துக் கேளுங்கள். லிஃப்டுக்கும் இதே வழி: உரிமம், பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டையும் சங்கத்தின் பெயரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவரில் ஈரம், டேங்கில் தண்ணீர் இல்லை

கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, சேவைகளிலோ உள்ள குறைகளை வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரிவித்தால், 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்பது பிரிவு 14(3). தெரிவித்தோம் என்பதற்குச் சான்று வேண்டும். வாட்ச்மேனிடம் சொன்னதும் குழுவில் குரல் செய்தி போட்டதும் போதாது.

ஒப்படைப்புக்கு முன், பில்டர் தரப்புப் பொறியாளரும் நீங்கள் அமர்த்தும் பொறியாளரும் சேர்ந்து நடந்து பார்க்கும் நாள் ஒன்று குறியுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் எது என்று முதலில் கேளுங்கள், எங்கள் கட்டடத்தில் அதன் பின்னால்தான் ஈரம் இருந்தது. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாய்களைச் சாக்கால் அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திவைத்து, மேல்தள வீடுகளின் கூரையைப் பாருங்கள். ஐப்பசி மழைக்குக் காத்திருந்தால் ஓராண்டு போய்விடும்.

போர் தண்ணீரை அளக்க ஒரு கடிகாரமும் 200 லிட்டர் டிரம்மும் போதும். எங்கள் போரில் டிரம் நிரம்ப மார்கழியில் ஐந்து நிமிடம், சித்திரையில் 14 நிமிடம். மார்கழியில் ஒப்படைப்பு நடந்தால் எல்லாப் போரும் நன்றாகத்தான் ஓடும். கோடையில் ஒருமுறை அளந்து, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மாநகராட்சிக் குழாய் எட்டாத பகுதி என்றால் லாரித் தண்ணீர்ச் செலவையும் அதே தாளில் எழுதுங்கள்.

"எல்லாம் பெற்றுக்கொண்டோம், குறையேதும் இல்லை" என்று கடிதம் கேட்கிறார்கள்

சாவி வாங்கிய அன்று நாங்கள் போட்ட கையெழுத்து இதில்தான். பத்து மாதம் கழித்து அதே கடிதத்தை எங்களிடமே நீட்டினார்கள். அதில் கையெழுத்திடாதீர்கள். அதற்குப் பதிலாக, எங்கள் வழக்கறிஞர் திருத்தித் தந்த இந்த வரிகளைப் பயன்படுத்தலாம்:

"இணைப்புப் பட்டியலில் உள்ள ஆவணங்களையும் சாவிகளையும் கருவிகளையும் மட்டும் இன்று பெற்றுக்கொண்டோம். பட்டியலில் இல்லாதவை இன்னும் வரவேண்டியவை. கட்டடக் குறைகள், கார்பஸ் கணக்கு, பிரிபடாத பங்கு ஆகியவற்றில் சங்கத்துக்கும் உறுப்பினர்களுக்கும் சட்டப்படி உள்ள எந்த உரிமையையும் இக்கடிதம் விட்டுக்கொடுப்பதாகாது."

பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அசலா நகலா என்பதை ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே எழுதுங்கள். இந்த வாசகத்துக்கு மறுப்புச் சொன்னால் அன்றைக்கு எதையும் வாங்காமல் திரும்பி வாருங்கள். சாவி ஒரு வாரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை

சங்கத்தின் தீர்மானத்தோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம், 30 நாள் கழித்து வழக்கறிஞர் அறிவிப்பு, அதற்கும் பதிலில்லை என்றால் தமிழ்நாடு ரெராவில் புகார். பிரிவு 31இன்படி சங்கமே மனுதாரராக நிற்கலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் ரெரா பதிவு தேவையில்லை. அத்தகைய சிறிய அடுக்ககத்தார் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வீட்டுக்குக் கொடுத்த விலை 50 லட்சம்வரை என்றால் மதுரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அங்கே இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. அந்த இரண்டு ஆண்டும் சரி, கட்டடக் குறைக்கான ஐந்து ஆண்டும் சரி, பில்டரோடு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வீடு கைக்கு வந்த தேதியைத் தேடி எடுத்து, முதல் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.